சரஸ்வதி பிறந்த அச்சாபீசும் பிள்ளைகள் கையிலுள்ள உளியும்

ஒரு சிறிய ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சித்திரம் கற்பிக்கும் உபாத்தியாயர் ஒருவர், தமது வகுப்பின் சுவரில் பத்துப் பன்னிரண்டு படங்களை ஒட்டி வைத்தார். அவைகள் யாவும் மரக்கட்டையில் செதுக்கியோ, செப்புத் தகட்டில் கீறியோ, கல்லில் எழுதியோ அச்சடிக்கப்பட்ட பல தேசத்துச் சித்திரங்களின் பிரதிகள். பிள்ளைகள் அவைகளைப் பார்த்து, "இது என்ன? இவன் ஏன் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறான்? இதை யார் செய்தார்கள்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேள்வி ஆரம்பித்த பத்தாம் நாள் ஆட்சேபணையும் ஆரம்பித்துவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் சிலர் வந்து, "சரஸ்வதி படம் இருந்த இடத்தில் பேயும் ஆந்தையும் பிணமும் மாட்டியிருக்கிறதே, இது பள்ளிக்கூடமா, சுடுகாடா?" என்று கேட்டார்களாம். தலைமை உபாத்தியாயர் படங்களைக் கழற்றும்படி சொல்லிவிட்டார். பழையபடி சரஸ்வதியும், பூவும், ஊதுவத்தியும் வந்து சேர்ந்தன. அந்த உபாத்தியாயரின் பெயரையும் ஊரையும் வெளியிட்டால் அவருக்கு உத்தியோக உபத்திரவம் வருமென்று அவைகளை விட்டுவிடுகின்றோம். ஆனால் விஷயத்தை விட்டுவிட முடியாது.

முதலாவதாக ஒன்று கேட்கின்றோம். கழற்றப்பட்டதும் அச்சுப் படம். திரும்ப மாட்டப்பட்டதும் அச்சுப் படம். அதுவும் காகிதம், இதுவும் காகிதம். அதிலும் மை, இதிலும் மை. அப்படியிருக்க ஒன்று சுடுகாடாகவும், மற்றொன்று தெய்வமாகவும் ஆனதெப்படி?

இந்த சரஸ்வதி எங்கே பிறந்தாள் என்பதைக் கொஞ்சம் விசாரித்துப் பார்ப்போம். பிரம்மாவின் நாவில் இருக்கிறாள் என்று புராணக்காரர்கள் சொல்லுவார்கள். அது அவர்கள் பாடு. ஆனால் வெள்ளைப் புடவையும், கையில் வீணையும், பக்கத்தில் மயிலுமாக நமது வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் காலண்டர்களிலும் தொங்கும் சரஸ்வதியின் முகத்துக்கும் உடைக்கும் பெரும்பாலும் வழி காட்டியது, திருவாங்கூர் சமஸ்தானத்துக் கிளிமானூரைச் சேர்ந்த சித்திரக்காரரான ரவிவர்மாவின் படமேயாகும். அவர் 1894ல் பம்பாயில் ஒரு கல்லச்சுக்கூடம் வைத்தார். இயந்திரம் ஜெர்மனியிலிருந்து வந்தது. வேலை தெரிந்த நிபுணர்களும் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள். பிறகு அச்சுக்கூடம் லோணாவ்ளாவுக்கு அருகிலுள்ள மளவ்லி என்ற ஊருக்குப் போயிற்று. சில வருஷங்களுக்குள் அங்கு வேலை பார்த்த ஷ்லைஷர் என்ற ஜெர்மானியருக்கே அது விற்கப்பட்டுவிட்டது. ஆக, லட்சுமியையும் சரஸ்வதியையும் இந்த நாட்டு இந்துக்களுக்கு வருஷக்கணக்காக அச்சடித்துக் கொடுத்தவர், வருணாச்சிரமப்படி பார்த்தால் ஒரு மிலேச்சர்! இதற்கு எந்த சாஸ்திரியும் தோஷம் சொன்னதாகத் தெரியவில்லை. விற்பனையில் தோஷமேது?

அந்தக் கல்லச்சு வித்தைதான் எங்கிருந்து வந்தது? மூனிச் நகரத்தில் செனஃபெல்டர் என்று ஒரு நாடகக்காரர். தாம் எழுதியதை அச்சுப் போடக் கையில் பணமில்லாமல், செம்புக்குப் பதிலாக மலிவான சுண்ணாம்புக் கல்லில் முயற்சி செய்துகொண்டிருந்தார். எண்ணெய்ப் பசையும் தண்ணீரும் ஒன்றோடொன்று சேராது என்பது சமையற்கட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கல்லில் எண்ணெய்ப் பசையால் எழுதி, கல்லை நனைத்து, மேலே மையை உருட்டினால், எழுதிய இடத்தில் மட்டும் மை ஒட்டும், நனைந்த இடத்தில் ஒட்டாது. இவ்வளவுதான் வித்தை. 1798க்குள் இதை அவர் தேறவைத்துவிட்டார். வர்ணப் படமானால் ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒவ்வொரு கல். புடவைக்கு ஒரு கல், மயிலுக்கு ஒரு கல், உதட்டுச் சிவப்புக்கு ஒரு கல் என்று வரிசையாக அமுக்கி எடுத்தால் தெய்வம் ஈரத்தோடு வெளியே வரும். காயவைத்துக் கட்டுக் கட்டி ரயிலேற்ற வேண்டியதுதான் பாக்கி. 1972ல் அந்த மளவ்லி அச்சுக்கூடம் தீப்பற்றி எரிந்து நாசமாயிற்று. செல்வத்துக்கும் கல்விக்கும் அதிபதிகள் என்று அங்கே அச்சாகி வந்த இரண்டு தேவிகளில் ஒருத்தியும் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரவில்லை.

ரவிவர்மாவால் ஒரு நன்மை உண்டு என்று சிலர் சமாதானம் சொல்லுவார்கள். கோவிலுக்குள் விடப்படாதவன்கூட, சில காசு கொடுத்து சாமியைத் தன் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ள முடிந்தது என்பார்கள். உண்மைதான், ஒப்புக்கொள்ளுகின்றோம். ஆனால் சாமி படம் அவன் குடிசைக்குள் வந்த பிறகும், அதே திருவாங்கூரில் வைக்கம் கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கு 1924லும் 1925லும் சத்தியாக்கிரகம் செய்து ஜெயிலுக்குப் போக வேண்டியிருந்ததா இல்லையா? சமஸ்தானத்துக் கோவில் கதவு 1936ல்தான் திறந்தது. படத்தை விற்றுப் பணம் வாங்கினவர்கள் பாதையை விடவில்லை. அச்சுப் படம் ஒருவனுக்குச் சாமியைக் கொடுக்கலாம், சமத்துவத்தைத் தானாகக் கொடுத்துவிடாது என்பதற்கு இதைவிட வேறென்ன ருஜு வேண்டும்?

நிற்க, அச்சு வந்ததும் அறிவு வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உலகத்தில் அச்சுக் கட்டையை முதல் முதலாகக் கையில் பிடித்தவர்களில் மந்திரக்காரர்கள் முக்கியமானவர்கள். ஜப்பான் தேசத்தில் 764க்கும் 770க்கும் இடையில் ஒரு ராணி, பத்து லட்சம் சிறு மரக் கோபுரங்களுக்குள் வைப்பதற்காக மந்திரச் சீட்டுகளை அச்சடிக்கச் செய்தாள். ஐரோப்பாவில் தேதி போட்டுக் கிடைத்துள்ள மிகப் பழைய மரக்கட்டைப் படங்களில் ஒன்று 1423ல் அச்சிடப்பட்ட கிறிஸ்டோபர் என்ற அர்ச்சசிஷ்டரின் படம். அதைப் பார்த்தவனுக்கு அன்றைக்குத் துர்மரணம் வராது என்று படத்தின் அடியிலேயே போட்டிருக்கிறது. நம்மூர் எந்திரத் தகடும் தாயத்தும் இதற்கு என்ன குறைந்துபோயிற்று? 1454லும் 1455லும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தில் பைபிளுக்கு அச்சுக் கோத்துக்கொண்டிருந்த நாட்களிலேயே, பாவமன்னிப்புச் சீட்டும் அச்சடித்து விற்கப்பட்டது. 1489ல் மோலிட்டோர் என்பவர் சூனியக்காரிகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில், அவர்கள் கோலில் ஏறிப் பறப்பதாகவும், புயலை வரவழைப்பதாகவும் மரக்கட்டைப் படங்கள் போட்டார்கள். சொல்லிக் கேட்டதைக் கண்ணால் பார்த்ததாகவே ஜனங்கள் நம்ப, இப்படங்களும் உதவி செய்தன. அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் பல்லாயிரம் ஏழைப் பெண்கள் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டார்கள்.

ஆகவே படம் என்பது கத்தியைப் போன்றது. கத்தி யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டியதும் இந்த ஒரு கேள்விதான். இதை யார் செய்தான், யாருக்காகச் செய்தான், யார் காசு கொடுத்தான், எதைக் காட்டி எதை மறைத்தான்? இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளையை எந்தப் புரோகிதனும் ஏமாற்ற முடியாது, எந்த அரசியல்வாதியும் ஏமாற்ற முடியாது.

உதாரணத்துக்கு அந்த உபாத்தியாயர் மாட்டியிருந்த படங்களிலேயே சிலவற்றை எடுத்துக்கொள்ளுவோம்.

ஒன்று காண்டாமிருகம். குஜராத் சுல்தான் போர்ச்சுகீசியருக்குக் கொடுத்த காண்டாமிருகம் ஒன்று, கோவாவிலிருந்து கப்பலேறி 1515 மே மாதம் லிஸ்பன் போய்ச் சேர்ந்தது. ஜெர்மனியில் ந்யூரம்பெர்க் நகரத்திலிருந்த டூரர் என்ற பெரிய சித்திரக்காரர் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. யாரோ எழுதிய கடிதத்தையும், யாரோ கிறுக்கிய படத்தையும் வைத்துக்கொண்டு, அதே வருஷத்தில் ஒரு மரக்கட்டைப் படம் வெளியிட்டார். இரும்புக் கவசம் பூட்டியதுபோல் உடம்பு, முதுகின் மேல் இல்லாத ஒரு கொம்பு! வேலைப்பாடோ அபாரம். விளைவென்ன? இருநூறு வருஷத்துக்கு மேலாக ஐரோப்பியப் பண்டிதர்கள் அந்தக் கொம்போடுதான் காண்டாமிருகத்தைப் புத்தகத்துக்குப் புத்தகம் காப்பியடித்தார்கள். 1741 முதல் கிளாரா என்ற உயிருள்ள காண்டாமிருகம் ஐரோப்பாவில் ஊர் ஊராகக் காட்டப்பட்ட பிறகுதான் முதுகுக் கொம்பு மெள்ள உதிர ஆரம்பித்தது. பெரிய மனிதர் சொன்னார், அழகாய் இருக்கிறது, அச்சிலும் வந்துவிட்டது என்பதற்காக ஒரு சங்கதி உண்மையாகிவிடாது என்பதை ஒரு பிள்ளைக்குச் சொல்ல இதைவிட நல்ல பாடம் உண்டா? கைப்பேசியில் நொடிக்கு ஒரு படம் வந்து விழுகிற காலம் இது. இயந்திரமே இல்லாத மனிதனுக்கு முகம் வரைந்து அனுப்பிவிடுகிற காலம் இது. இன்றைக்கு அனுப்பப்படும் படங்களில் எத்தனைக்கு முதுகிலே கொம்பு இருக்கிறதென்று எந்தப் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுக்கிறது?

இதற்கு எதிரிடையாக இன்னொன்று. 1543ல் வெசாலியஸ் என்ற வைத்தியர் மனித உடலின் அமைப்பைப் பற்றிய தமது புத்தகத்தை பாசல் நகரத்தில் வெளியிட்டார். படங்கள் மரக்கட்டையில் செதுக்கியவை. கேலன் என்ற பழைய வைத்தியர் பெரும்பாலும் மிருகங்களை அறுத்துப் பார்த்து எழுதியதை, ஆயிரத்து முந்நூறு வருஷமாக மனித உடலுக்கு வேதமாக வைத்திருந்தார்கள். மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்று அதில் இருந்தது. வெசாலியஸ் பிணத்தை அறுத்துப் பார்த்து ஒன்றுதான் என்றார். கண்ணால் பார்க்காமல் செதுக்கிய கட்டை இருநூறு வருஷம் ஏமாற்றிற்று. அறுத்துப் பார்த்துச் செதுக்கிய கட்டை ஆயிரம் வருஷத்துப் பொய்யை உடைத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் அதுவே பகுத்தறிவுப் பாடம்.

மூன்றாவது, ஆந்தைப் படம். சுடுகாடு என்று சொல்லப்பட்டது இதுதான். ஸ்பெயின் தேசத்துக் கோயா, செப்புத் தகட்டின் மேல் மெழுகு பூசி, ஊசியால் கீறி, திராவகத்தில் அரித்து எடுத்து, 80 படங்களை 1799ல் வெளியிட்டார். அதில் 43வது படத்தில் ஒரு மனிதன் மேஜைமேல் கவிழ்ந்து தூங்குகிறான். அவன் தூங்கும்போது ஆந்தைகளும் வவ்வால்களும் முதுகுக்குப் பின்னால் எழும்புகின்றன. அறிவு தூங்கினால் பேய் பிறக்கும் என்பதே படத்தின் சாரம். 52வது படம் இதைவிட விசேஷம். ஒரு பட்டமரத்துக்கு சாமியார் அங்கியை மாட்டிவிட்டிருக்கிறது. எதிரே ஒரு பெண் மண்டியிட்டுக் கும்பிடுகிறாள். தையற்காரன் என்னவெல்லாம் செய்துவிடுகிறான் என்று அதற்குப் பெயர் வைத்தார் கோயா. நம்மூரில் தையற்காரனும் வேண்டாம், ஒரு முழம் மஞ்சள் துணியும் கொஞ்சம் குங்குமமும் போதும்! அந்தப் படங்கள் விற்கப்பட்ட வாசனைக் கடை இருந்த தெருவின் பெயருக்கு மயக்கம் தெளிதல் என்று அர்த்தமாம். ஆனால் தேசம் தெளியவில்லை. சில நாட்களிலேயே விற்பனை நின்றது. 1803ல் தகடுகளை ராஜாவிடமே ஒப்படைத்துவிட்டார். ஆந்தையைக் கண்டு அன்றைக்குப் பயந்தவர்கள் மதகுருமார்கள். இன்றைக்குப் பயந்தவர்கள் அந்த ஊர்ப் பெரியவர்கள். பிள்ளைகள் பயப்படவில்லை, கேள்வி கேட்டார்கள்.

படம் ஜனங்களின் மனத்தை மாற்றாது என்கிறவர்கள் 1788ல் இங்கிலாந்தில் வெளியான அடிமைக் கப்பலின் படத்தைப் பார்க்கட்டும். புரூக்ஸ் என்ற கப்பலின் அடித்தட்டில், அந்நாட்டுச் சட்டம் அனுமதித்தபடியே 454 பேரைப் படுக்கவைத்தால் எப்படி இருக்கும் என்று கணக்காக வரைந்து அச்சடித்தார்கள். அதில் அழுகை இல்லை, அலங்காரமில்லை. மூட்டை அடுக்குவதுபோல் மனிதர்களை அடுக்கியிருந்த கணக்குத்தான் இருந்தது. ஆயிரக்கணக்கில் அது வீடு வீடாகப் போயிற்று. 1807ல் அந்த வியாபாரத்தைத் தடுத்துச் சட்டம் வந்தது. படம் ஒன்றே அதைச் செய்ததென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த பிறகு "எனக்குத் தெரியாது" என்று சொல்ல யாருக்கும் வழியில்லாமல் போயிற்று.

ஜெர்மனியில் காதே கோல்விட்ஸ் என்ற பெண்மணி. நெசவாளர்கள் 1844ல் சைலீசியாவில் பட்டினி தாங்காமல் கிளர்ந்தெழுந்ததைப் பற்றி அவர் ஆறு அச்சுப் படங்கள் செய்தார். மூன்று கல்லில், மூன்று தகட்டில். 1898ல் பெர்லினில் காட்டப்பட்டபோது அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுக்கவேண்டும் என்று சிபார்சு செய்தார்கள். சக்கரவர்த்தி மறுத்துவிட்டான். நெசவாளி பட்டினியில் சாகலாம், படத்தில் சாகக்கூடாதுபோலும்! 1914ல் யுத்தத்தில் தமது மகனைப் பறிகொடுத்த அவர், பிறகு யுத்தத்தின் கொடுமையை ஏழு மரக்கட்டைகளில் செதுக்கினார். அவரது படங்களைச் சீனாவுக்கு வரவழைத்தவர் லூ சுன் என்ற எழுத்தாளர். 1931 ஆகஸ்டில் ஷாங்காயில் 13 மாணவர்களுக்கு, ஒரு ஜப்பானிய உபாத்தியாயரைக்கொண்டு ஆறே நாள் மரக்கட்டை வகுப்பு நடத்தினார். உபாத்தியாயர் சொன்னதை லூ சுன்னே மொழிபெயர்த்துச் சொன்னார். ஒரு தேசத்தின் புது மரக்கட்டை இயக்கமே அதிலிருந்து கிளம்பிற்று. ஆறு நாளும் பதின்மூன்று பிள்ளைகளும் போதுமானதாய் இருந்தது. நாமோ பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடம் வைத்து, சரஸ்வதி பூஜைக்குச் சுண்டல் கொடுத்து அனுப்புகின்றோம்.

"இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, நமக்கெதற்கு?" என்பது ஒரு ஆட்சேபணை. ஜெர்மன் இயந்திரத்தில் பிறந்த சரஸ்வதியை வைத்துக்கொண்டு இப்படிக் கேட்க வெட்கமில்லையா? அன்றியும், வங்காளத்தில் 1930ல் வெளியான சகஜ பாடம் என்ற தாகூரின் பாலபாடத்துக்கு நந்தலால் போஸ் லினோலியத்தில் வெட்டிய படங்களைத்தான் போட்டார்கள். தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் அதில் எழுத்துப் படித்தார்கள். 1943ல் வங்காளப் பஞ்சத்தை நடந்து போய்ப் பார்த்து வரைந்த சித்தப்பிரசாத்தின் சிறு புத்தகத்தைச் சர்க்கார் பறித்துக் கொளுத்திற்று. அவரே பிற்காலத்தில் வேலை செய்து பிழைக்கும் ஏழைக் குழந்தைகளை லினோலியத்தில் வெட்டி அச்சடித்தார். இவர் எந்த மேல்நாடு?

"பிள்ளைகளுக்குச் சாவையும் பஞ்சத்தையும் காட்டலாமா?" என்பது மற்றொன்று. குடலை உருவி மாலையாகப் போட்டுக்கொள்ளும் நரசிம்மத்தையும், தலைகளைக் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் காளியையும் சிவகாசிக் காலண்டரில் மாட்டி, அதன்கீழ் குழந்தையைத் தூங்கவைக்கிறவர்கள் இதைக் கேட்கின்றார்கள்! இதற்குமேல் பதில் வேண்டியதில்லை.

"பரீட்சைக்கு உதவுமா?" என்பது கடைசி. உதவாதுதான். பரீட்சைக்கு உதவாத சரஸ்வதி பூஜைக்கு ஒரு நாள் லீவு விடும்போது இந்தக் கேள்வி எங்கே போயிற்று?

இனி, பார்ப்பது மட்டும் போதாது, பிள்ளைகள் கையால் செய்யவும் வேண்டும். இதற்குப் பெரிய அச்சு இயந்திரம் வேண்டியதில்லை. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி மையில் தோய்த்தால் பூ விழும். உருளைக்கிழங்கில் எழுத்து வெட்டலாம். தேய்ந்துபோன ரப்பர் செருப்பின் அடியில் படம் செதுக்கலாம். அட்டையை வெட்டி ஒட்டி, மை உருட்டி, காகிதம் வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தால் படம் வந்துவிடும். விரலில் வெட்டுப்படும் என்பார்கள். சின்னப் பிள்ளைக்கு அட்டையும் வெண்டைக்காயும், பெரிய பிள்ளைக்கு உபாத்தியாயர் பக்கத்தில் நிற்க உளியும் என்று வைத்தால் தீர்ந்தது. காட்டுவதற்குப் படம் வேண்டுமானால், நியூயார்க் மெட்ரோபாலிடன் காட்சிசாலை போன்றவை தங்களிடமுள்ள பல்லாயிரம் படங்களை யாரும் எடுத்துக்கொள்ளும்படி 2017 முதல் இணையத்தில் விட்டிருக்கின்றன. செலவு காகிதத்துக்கும் மைக்கும்தான்.

இதில் ஒரு பிள்ளை கற்பது என்ன? கட்டையில் வெட்டிய எழுத்து காகிதத்தில் இடம் வலமாக மாறி விழும். "அ" வரவேண்டுமானால் திருப்பிச் செதுக்க வேண்டும். ஒன்று செய்தால் நூறு எடுக்கலாம். நூறும் ஒன்றே. எதை விட்டு எதை வெட்டுவது என்பதைத் தீர்மானிக்கிறவன் தானே. இதைக் கையால் அனுபவித்த பிள்ளை, அச்சடித்த எந்தப் படத்தின் முன்னாலும் கன்னத்தில் போட்டுக்கொள்ளமாட்டான். "இதையும் எவனோ ஒருவன் வெட்டித்தானே இருக்கிறான்" என்று அவனுக்குத் தோன்றிவிடும். நூறு பிரசங்கம் செய்ய முடியாத வேலையை ஒரு உருளைக்கிழங்கு செய்துவிடும்.

இன்னொரு லாபமும் உண்டு. அக்கிரகாரத்துப் பிள்ளையும், சேரிப் பிள்ளையும், செட்டியார் பிள்ளையும் ஒரே மைத் தட்டில் கைவைக்க வேண்டும். எல்லோர் கையும் ஒரே கறுப்பு. கைவேலை கீழ்ஜாதி வேலை என்று சொல்லிவந்த தேசம் இது. ஆயுத பூஜை அன்று உளிக்குப் பொட்டு வைப்போம், மற்ற 364 நாளும் உளி பிடித்தவனை எட்ட நிற்கச் சொல்லுவோம். இந்தியாவில் கட்டையில் அச்சடித்த துணி, நடுக்காலத்திலேயே எகிப்து வரைக்கும் போய் விற்றது. அந்தத் துண்டுகள் பழைய கெய்ரோவில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கின்றன. கட்டை வெட்டத் தெரிந்தது, சாயம் ஏற்றத் தெரிந்தது. துணியில் பூவை அடித்தவன் ஏன் காகிதத்தில் எழுத்தை அடிக்கவில்லை? தமிழ் எழுத்தை 1578ல் கொல்லத்தில் பாதிரியார்கள் வந்து அச்சடிக்கும்வரை ஏன் காத்திருந்தோம்? கட்டை பிடிக்கும் கைக்கு எழுத்து கூடாது, எழுத்து பிடிக்கும் கைக்குக் கட்டை கூடாது என்று பிரித்து வைத்த வருணாச்சிரமத்துக்கு இதில் பங்கில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? அந்த இரண்டு கையும் ஒரு பிள்ளையின் உடம்பில் சேரவேண்டும் என்பதற்காகத்தான் பள்ளிக்கூடத்தில் உளி வேண்டும் என்கின்றோம்.

கடைசியாக நம்மவர்களுக்கும் ஒன்று. சரஸ்வதியைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் நமது தலைவர்கள் படத்தை மாட்டி, மாலை போட்டு, விழுந்து கும்பிட்டால் நாம் செய்ததெல்லாம் ஆணியைக் காலி செய்துகொடுத்ததுதான். அந்தப் படத்தையும் பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். யார் வரைந்தான், ஏன் இவ்வளவு பெரிதாக வரைந்தான், இவர் சொன்னது சரியா என்று கேட்கட்டும். கேள்விக்கு நிற்காத தலைவர் போகட்டும், நிற்கிறவர் இருக்கட்டும்.

அந்த ஊர்ப் பெற்றோர்களுக்குச் சொல்லுவது இதுதான். உபாத்தியாயரிடம் போய்ப் படங்களைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். சரஸ்வதி படத்தையும் பக்கத்திலேயே மாட்டுங்கள், எங்களுக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் அதன் அடியில் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்: "கல்லச்சுப் படம். எத்தனை வர்ணமோ அத்தனை கல்." மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளுவார்கள்.